ஒரே வாத்தியம், ரெண்டு பேர்: 'கின்ஸ்மென்' ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோடு பக்கத்தில் இருக்கிற என் வீட்டு மாடி அறையிலிருந்து பேசுகிறேன். நடுவில் ஏதாவது இரைச்சல் கேட்டால் அது விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம். ஜன்னலைச் சாத்திப் பார்த்தாச்சு, கம்பளி தொங்கவிட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் நடக்கலை. பொறுத்துக்கோங்க.

இன்றைக்கு ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்கணும். சில வாரங்களுக்கு முன்னால் சாக்ஸபோன் பற்றிப் பேசினபோது, 'கின்ஸ்மென்' என்கிற ஜாஸ் ஆல்பத்தை ரெண்டே நிமிஷத்தில் கடந்து போய்விட்டேன். "கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் சேர்ந்து வாசிச்சது. ரெண்டு பேருமே நம்ம ஊர் வம்சம்தானே, அதனால இயல்பா ஒத்துப்போச்சு" என்று சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு குரோம்பேட்டையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார்: "ஆல்பத்தை ரெண்டு தடவை கேட்டேன். பல இடத்துல எது கத்ரி, எது இன்னொருத்தர்னு தெரியலை. ரெண்டு பேரும் ஒரே வாத்தியம்தான் வாசிக்கிறாங்கன்னா எதுக்கு ரெண்டு பேர்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடப் போனபோதுதான் நான் சொன்ன அந்த ஒரு வரி எவ்வளவு தப்பு என்று புரிந்தது.

பதிலுக்கு நேரா சாக்ஸபோனுக்குப் போகாமல், ட்ராம்போன் வழியாகப் போகிறேன். காரணம், எங்கள் தெருவில் ட்ராம்போன் வாசித்த ஒருவர் இருக்கிறார். பேண்டு செட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். பெருங்களத்தூரிலிருந்து பல்லாவரம் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்பு, சர்ச் பவனி, சாவு ஊர்வலம் என்று அவர் வாசித்துக்கொண்டே நடக்காத தெரு இல்லை. இப்போது பல் போய்விட்டது. பல் போனால் பித்தளை வாத்தியத்தில் உதடு நிற்காது. அதனால் வாசிப்பதை விட்டுவிட்டார். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். அண்ணன் என்றே சொல்கிறேன்.

நேயரின் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "நீ முதல்ல ரெண்டு ட்ராம்போன் சேர்ந்து வாசிக்கிறது எதையாவது போடு. அதுக்கு நான் பதில் சொல்றேன்" என்றார்.

ரெண்டு ட்ராம்போன் என்றாலே ஜாஸ் கேட்கிறவர்களுக்கு ஒரு ஜோடிதான் முதலில் ஞாபகம் வரும். ஜே.ஜே. ஜான்சன், காய் வைண்டிங். ஜான்சன் 1924இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பிறந்த கறுப்பினத்தவர். வைண்டிங் 1922இல் டென்மார்க்கில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா போன வெள்ளையர். 1954இல் இவர்கள் ஜோடி சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ரெண்டு வருஷம் ஜான்சன் ஒரு தொழிற்சாலையில் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஜாஸ் ட்ராம்போன்காரருக்கே வாத்தியத்தை வைத்துக் குடும்பம் நடத்த முடியாத நிலைமை. ரெண்டு ட்ராம்போன் சேர்ந்த பிறகுதான் அவர் மறுபடி முழுநேரமாக இசைக்குத் திரும்பினார்.

ரெண்டு வருஷம் நிறைய ஆல்பம் போட்டார்கள். 1956இல் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். 1960இல் மறுபடி ஒன்று சேர்ந்து பதிவு செய்ததுதான் 'த கிரேட் காய் அண்ட் ஜே.ஜே.' பியானோவில் பில் எவன்ஸ். பின்னால் ஜான் கோல்ட்ரேனின் வீடு என்று பெயர் வாங்கிய இம்பல்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் ஏ-1 என்ற எண் போட்ட முதல் ஆல்பம் இதுதான். அண்ணனுக்கு அதைத்தான் போட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு பாட்டு முடிந்ததும் அவர் கேட்டது, "இதுல வாசிக்காம நிக்கிறவன் யாரு?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "தம்பி, ஊதுற வாத்தியத்துக்கு மூச்சு விட்டாகணும். தனியா ஊதுறவன் மூச்சு விடுற இடத்துல பாட்டுல ஓட்டை விழும். பக்கத்துல ஒருத்தன் இருந்தா, இவன் மூச்சு விடுற நேரத்துல அவன் தாங்குவான். இந்த ரெண்டு பேரும் தாங்குறாங்க. ஒருத்தன் நிறுத்தினது தெரியாம இன்னொருத்தன் எடுக்குறான். அதான் உனக்கு யாரு என்னன்னு தெரியலை."

இதைக் கேட்டதும் எனக்கு நம் நாதஸ்வர ஜோடிகள் ஞாபகம் வந்தது. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசிப்பார்கள் இல்லையா, அதற்குப் பின்னால் உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நாதஸ்வரத்தில் ரெண்டு பேர் வாசிப்பது நமக்கு நூதனமே இல்லை. ஒருவர் மூச்சு எடுக்கும்போது அடுத்தவர் ராகத்தைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்வார். ரெண்டு பேர் எதற்கு என்ற கேள்விக்கு முதல் பதில் இதுதான். மூச்சு.

ஆனால் ரெண்டாவது பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல ட்ராம்போன் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கணும்.

ட்ராம்போனில் பொத்தான் கிடையாது. ஒரு நீளக் குழாய், அதை முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம். மொத்தம் ஏழு நிலை. ஆனால் அந்த ஏழுக்கும் நடுவில் படிக்கட்டு எதுவும் இல்லை. வழவழப்பான சறுக்குமரம் மாதிரி. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போவதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். பேண்டு செட்டில் சின்னப் பசங்களைச் சிரிக்க வைக்க அண்ணன் அந்த இழுப்பைத்தான் செய்வாராம். யானை பிளிறுகிற மாதிரி.

ஜே.ஜே. ஜான்சன் என்ன செய்தார் என்றால், சறுக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்தார். சாக்ஸபோனிலும் ட்ரம்பெட்டிலும் அந்தக் காலத்து பீபாப்காரர்கள் வாசித்த அதே வேகத்தில், ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக, சுத்தமாக வெட்டி வெட்டி வாசித்தார். ரெக்கார்டில் கேட்ட பலர் அது பொத்தான் வைத்த ட்ராம்போன் என்றே நினைத்தார்கள். வைண்டிங் கொஞ்சம் முரட்டு ஆள். அவருடைய நாதத்தில் பித்தளையின் காரம் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். முதல் நாள் கேட்கும்போது ரெண்டும் ஒன்றுதான். பத்தாவது தடவை கேட்டால் ரெண்டு தனித்தனி மனிதர்கள். வாத்தியம் வேறு வேறாக இருந்தால் நாம் வாத்தியத்தை வைத்தே ஆளை அடையாளம் சொல்லிவிடுவோம், மேற்கொண்டு கேட்க மாட்டோம். வாத்தியம் ஒன்றாக இருக்கும்போதுதான் ஆளைக் கேட்க ஆரம்பிக்கிறோம். இதுதான் ரெண்டாவது பதில்.

இப்போது சாக்ஸபோனுக்கு வரலாம்.

சாக்ஸபோன் ட்ராம்போனுக்கு நேர் எதிர். பெல்ஜியத்துக்காரர் அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை வாங்கிய வாத்தியம். நாதஸ்வரத்திலும் புல்லாங்குழலிலும் விரல் நேரடியாகத் துளையின் மேல் இருக்கும். விரலைக் கொஞ்சம் உருட்டினால், பாதி திறந்தால், சுரம் வளையும்; கமகம் வரும். சாக்ஸபோனில் துளைக்கு மேல் மெத்தை வைத்த மூடி. நீங்கள் சாவியை அழுத்தினால் மூடி மூடும். அதாவது படிக்கட்டு. தோடியையோ பைரவியையோ இதில் வாசிக்கிறது என்றால், படிக்கட்டில் தண்ணீர் மாதிரி வழியணும்.

கத்ரி கோபால்நாத் அதைச் செய்தார். மங்களூர்ப் பக்கத்துக்காரர். அப்பா நாதஸ்வர வித்வான். பையன் மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைப் பார்த்து ஆசைப்பட்டார். கவனியுங்க, அதுவும் பேண்டுதான். பிறகு சென்னைக்கு வந்து டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றார். உதட்டின் பிடி, மூச்சின் அழுத்தம், சாவியை முழுசாகத் திறக்காமல் விடுவது, வாத்தியத்திலேயே சில மாற்றங்கள் என்று பல வருஷம் போராடி, அந்தப் படிக்கட்டைச் சறுக்குமரமாக மாற்றினார். ஜே.ஜே. ஜான்சன் சறுக்குமரத்தைப் படிக்கட்டாக மாற்றின கதையின் மறுபக்கம் இது. ரெண்டு பேரும் தங்கள் வாத்தியம் எதைச் சுலபமாகக் கொடுக்கிறதோ அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ரா விழாவில் ஜான் ஹேண்டி என்ற அமெரிக்க சாக்ஸபோன்காரரோடு சேர்ந்து மேடையில் வாசித்தார் கத்ரி. 1994இல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார். கர்நாடக இசைக்கலைஞர் ஒருவருக்கு அங்கே அதுதான் முதல் தடவை. அதே வருஷம்தான் பாலசந்தரின் 'டூயட்'. ஏ.ஆர். ரஹ்மான் இசை, பிரபு கையில் சாக்ஸபோன், ஒலி கத்ரியுடையது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு சாக்ஸபோன் என்றாலே அந்தப் படம்தான்.

ருத்ரேஷ் மஹந்தப்பா கதை வேறு. 1971இல் இத்தாலியில் பிறந்து, அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து போல்டரில் வளர்ந்தவர். தென்னிந்தியப் பெற்றோர். அவர் வளர்ந்தது சார்லி பார்க்கரைக் கேட்டு. பேரையும் நிறத்தையும் பார்த்தவர்கள் அவருக்கு இந்திய இசை தெரியும் என்றே எதிர்பார்த்தார்கள். பாஸ்டனில் பெர்க்லீ இசைக்கல்லூரியில் படிக்கும்போது, அவருடைய அண்ணன் கிண்டலுக்காக ஒரு ஆல்பம் வாங்கிக் கொடுத்தார். அதன் பேர் 'சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்'. கேலிக்கு வந்த பரிசைப் போட்டுக் கேட்டால், உள்ளே இருந்தவர் கத்ரி கோபால்நாத். இவர் கையில் இருக்கிற அதே ஆல்டோ சாக்ஸபோன். இவரால் கனவிலும் வாசிக்க முடியாத ஒலி.

இதுதான் நான் தப்பாகச் சொன்ன இடம். "நம்ம வம்சம், அதனால இயல்பா ஒத்துப்போச்சு" என்றேன். இயல்பாக எதுவுமே வரவில்லை. அந்த ஆல்பத்தைக் கேட்டதற்கும் 'கின்ஸ்மென்' வெளிவந்ததற்கும் நடுவில் பல வருஷம் இருக்கிறது. 2007இல் கிடைத்த குகன்ஹைம் நிதியுதவியை வைத்து இந்தியா வந்து படித்தார் ருத்ரேஷ். நமக்கு ரத்தத்தில் இருக்கிறது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிற ஒன்றை அவர் வெளியூர்க்காரர் மாதிரி உட்கார்ந்து கற்க வேண்டியிருந்தது.

ஆல்பம் 2008இல் பை ரெக்கார்டிங்ஸ் வெளியீடாக வந்தது. ஏழு பேர். ரெண்டு ஆல்டோ சாக்ஸபோன், வயலினில் ஏ. கன்யாகுமரி, மிருதங்கத்தில் பூவாளூர் ஸ்ரீஜி, கிட்டாரில் ரெஸ் அப்பாஸி, பாஸில் கார்லோ டி ரோசா, ட்ரம்ஸில் ராயல் ஹார்ட்டிகன். பியானோ கிடையாது. அது நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன். பியானோவில் சுரத்துக்கு நடுவே எதுவும் இல்லை. கத்ரியின் கமகத்துக்குக் கீழே அது கட்டையை அடுக்கின மாதிரி நின்றிருக்கும். கிட்டார் வளைந்து கொடுக்கிறது. கன்யாகுமரி அம்மா கத்ரியோடு எத்தனையோ மேடைகளில் வாசித்தவர். அவர் அடுத்து எங்கே போவார் என்று அவர் போவதற்கு முன்னாலேயே தெரிந்தவர்.

இதையும் அண்ணனுக்குப் போட்டேன். 'கணேஷா' என்ற பாட்டு. சாக்ஸபோன் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு இடத்தில் கையைத் தூக்கி, "இது டூயட் படத்துக்காரர்" என்றார். எப்படித் தெரிஞ்சது என்றேன். "சுரத்துல நிக்க மாட்டேங்குறார் பாரு. அசைஞ்சுகிட்டே வர்றார், உக்காரும்போதும் அசைஞ்சுகிட்டேதான் உக்காருறார். அந்த இன்னொருத்தர் நேரா வந்து குத்துறார், தாண்டித் தாண்டிப் போறார்." குரோம்பேட்டை நேயருக்கு என்னால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அசைகிறவர் கத்ரி, தாண்டுகிறவர் ருத்ரேஷ். சில இடங்களில் ருத்ரேஷும் வளைக்கிறார், அப்போது குழம்பும். குழம்பட்டும். அந்த இடங்களில் அவர் கற்றது கேட்கிறது.

பிறகு அண்ணன் கேட்டார்: "ரெண்டு பேரும் சொந்தமா?"

ஆல்பத்தின் பேரே அதுதான். கின்ஸ்மென் என்றால் உறவுக்காரர்கள். அவருக்கு அது தெரியாது. "இல்லண்ணே, பேருக்குத்தான்" என்றேன். "அப்ப எப்படி இவ்வளவு விட்டுக்கொடுத்து வாசிக்கிறாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. திரும்பக் கேட்டபோது எனக்குத் தோன்றியது, யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான். கத்ரி வாசிக்கும் இடங்களில் ராகத்தை விட்டு வெளியே வா என்று யாரும் அவரை இழுக்கவில்லை. ருத்ரேஷும் பக்தராக வேஷம் போட்டுக்கொண்டு ஜாஸை மறைத்து வைக்கவில்லை. ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் தாங்குகிறார். அண்ணன் சொன்ன மூச்சுக் கணக்குதான். அந்தக் கணக்கு தெரிந்தவர்கள் உறவுக்காரர்கள் ஆகிறார்கள். பிறந்த ஊர் அதற்கு அப்புறம்.

அன்றைக்குக் கிளம்பும்போது அண்ணன் இன்னொரு விஷயம் சொன்னார். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். அவரே சேர்க்கச் சொன்னார். மாப்பிள்ளை அழைப்பில் பேண்டு செட் மண்டப வாசல் வரைக்கும்தான். மாப்பிள்ளை உள்ளே போவார். பேண்டு வெளியே நிற்கும். உள்ளே நாதஸ்வரம். "முப்பது வருஷம் எத்தனையோ மண்டபத்து வாசல்ல நின்னிருக்கேன். உள்ள ஒரு நாள் வாசிச்சதில்லை. ஒரு தடவை தண்ணி கேட்டதுக்கு, ஆளுங்க வந்து குடுப்பாங்க, வெளியவே இருங்கன்னாங்க. இப்ப பாரு, அதே பேண்டுல இருந்த சாக்ஸபோன் உள்ள மேடையில உக்காந்திருக்கு."

உண்மைதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த மண்டபத்தில் வேண்டுமானாலும் பாருங்க, வரவேற்பில் சாக்ஸபோன் கச்சேரி இப்போது சர்வசாதாரணம். அது கத்ரி போட்ட பாதை. வெள்ளைக்காரனிடமிருந்து வந்த வயலினுக்கு பாலுசுவாமி தீட்சிதர் வாசலைத் திறந்துவிட்டார். கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி. நடராஜன். மாண்டலினுக்கு யு. ஸ்ரீனிவாஸ். சாக்ஸபோனுக்குக் கத்ரி. எந்த வாத்தியமும் தானாக உள்ளே போகவில்லை, யாரோ ஒருவர் அதற்குத் தன் ஆயுளைக் கொடுத்தார்கள். ஆனால் பாருங்க, கமகத்துக்காகவே செய்த மாதிரி குழாய் வைத்திருக்கிற ட்ராம்போன் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. வாத்தியத்தில் குறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதை வாசித்தவர்களை யாரும் உள்ளே வந்து உட்காரச் சொல்லவில்லை. உட்கார வைத்து ஒரு வர்ணம் சொல்லிக் கொடுக்கவில்லை.

"உங்களுக்குக் கத்துக்கணும்னு தோணலையா அண்ணே?" என்று கேட்டேன். "தோணுச்சு. யாரைக் கேக்குறது?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

கத்ரி கோபால்நாத் 2019 அக்டோபரில் மங்களூரில் காலமானார். ருத்ரேஷ் இன்றைக்கும் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வாரம் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'த கிரேட் காய் அண்ட் ஜே.ஜே.'யில் ஏதாவது ரெண்டு பாட்டு. யார் வாசிக்கிறார் என்று தேடாதீங்க, யார் எங்கே மூச்சு விடுகிறார் என்று மட்டும் கவனியுங்க. பிறகு கத்ரியின் தனிக் கச்சேரி ஏதாவது ஒன்று, அரை மணி நேரம். அந்த அசைவு காதில் ஏறட்டும். அதற்கு அப்புறம் 'கின்ஸ்மென்'. அதில் 'கணேஷா', 'கல்யாணி' ரெண்டையும் கேட்டுவிட்டு, ஆல்பத்தின் பேரைத் தாங்கிய 'கன்வர்ஜென்ஸ்' பாட்டுக்குப் போங்க. ஹெட்போனில் கேட்டால் இன்னும் நல்லது.

குரோம்பேட்டை நேயருக்கு நன்றி. நீங்கள் கேட்டிருக்காவிட்டால் என் தப்பு அப்படியே நின்றிருக்கும். இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் அண்ணனிடம் ஒரு தடவை போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "பல் போச்சுன்னு எதுக்குச் சொன்னே?" என்று மட்டும் கோபித்துக்கொண்டார். எடுத்துவிடவா என்றேன். "இருக்கட்டும் விடு. பித்தளை வாசிக்கிற பசங்களுக்குத் தெரியட்டும், பல்லைப் பாத்துக்கச் சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் சந்திப்போம். வணக்கம்.